முயற்சிக்கு எத்தனை புள்ளி

“முன்னுக்குப் போறதுக்குத்தானே விளையாட்டு. பிறகேன் பந்தைப் பின்னுக்கு எறியினம்?”

தர்மகுலசிங்கம் கேட்டார்.

நடுவர் லோகேஸ்வரி விசில் அடித்தார்.

கண்டியில் காலை ஆறரை மணி. மைதானத்துப் புல் இன்னும் காயவில்லை. விசில் சத்தத்துக்கு வேலியோரம் படுத்திருந்த இரண்டு நாய்களும் எழுந்து நின்றன. தர்மகுலசிங்கமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்ன பிள்ளை, கேள்வி கேட்டாலும் விசிலோ?”

“பிள்ளைன்னதுக்கு அடிச்சேங்க. மைதானத்துக்குள்ள நடுவர் யாரா இருந்தாலும் ‘சேர்’னுதான் கூப்பிடணும்.”

“நீங்கள் பொம்பிளைப் பிள்ளையெல்லோ.”

“விசிலுக்கு அது தெரியாதுங்க ஐயா.”

அவருக்கு வயது ஐம்பத்தாறு. நடுவருக்கு முப்பத்தொன்று. பெரியவர் சின்னவரைச் ‘சேர்’ என்று கூப்பிட, சின்னவர் பெரியவரை ‘ஐயா’ என்று கூப்பிட, பாடம் தொடங்கியது.

தர்மகுலசிங்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடவேண்டும். மலைச்சாரல் வானொலியில் இருபத்தாறு வருடமாகக் கிரிக்கெட் வர்ணனை செய்பவர். பந்து வீச்சாளர் ஓடி வருவதற்குள் வானத்தின் நிறம், காற்றின் திசை, துடுப்பாட்டக்காரரின் தகப்பன் பெயர் எல்லாம் சொல்லி முடித்துவிடுவார். கிரிக்கெட் அதற்கெல்லாம் இடம் கொடுக்கும். பாவம், அது பொறுமையான விளையாட்டு.

நிலையத்துக்குப் புதிதாக வந்த முகாமையாளர் குணநாயகத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. விளையாட்டுப் பகுதி தேவையா என்று ஒரு மாதம் யோசித்தார். போன வெள்ளிக்கிழமை யோசித்து முடித்தார்.

“வாற சனிக்கிழமைக்கு அடுத்த சனி றக்பி இறுதிப் போட்டி. முழுக்கத் தமிழிலை சொல்லும். சனத்துக்கு விளங்கினால் உம்மட பகுதி இருக்கும். விளங்கேல்லை எண்டால் திங்கட்கிழமையிலையிருந்து நீர் மரண அறிவித்தல் வாசியும். உம்மட குரல் அதுக்கும் நல்லது.”

கடைசி வாக்கியம்தான் தர்மகுலசிங்கத்தைச் சுட்டது. தன் குரல் அதற்கு நல்லதென்று அவருக்கே தெரியும். அதனால்தான் பயம்.

கண்டியில் இத்தனை வருடம் இருந்தும் அவர் ஒரு றக்பி ஆட்டம் பார்த்ததில்லை. முரடர்கள் சேற்றில் கட்டிப் புரளும் விவகாரம் என்று ஒதுக்கி வைத்திருந்தார். இப்போது ஊரில் ஐந்து பேரிடம் விதி கேட்டார். ஐந்து பேரும் ஆறு விதமாகச் சொன்னார்கள். கடைசியில் தேத்தண்ணிக் கடையில் ஒருவர்தான் வழி காட்டினார்.

“கொஞ்சமாப் பேசுற ஆள் வேணும்னா நடுவர்கிட்ட போங்க. லோகேஸ்வரின்னு ஒரு பி.டி. டீச்சர். இறுதிப் போட்டிக்கும் அவங்கதான் விசில்.”

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை அவர் ஈரப் புல்லில் வந்து நின்றார்.

லோகேஸ்வரி பந்தை அவர் கையில் கொடுத்தார். இரண்டு பக்கமும் கூரான பந்து. எப்படிப் பிடித்தாலும் ஒரு மூலை எங்கேயோ இடித்தது.

“ஓடுங்க.”

“எங்கை?”

“முன்னால.”

ஓடினார். நடுவர் அவருக்கு முன்னால் ஓடிப்போய்த் திரும்பி நின்று கை நீட்டினார். “தாங்க.”

எறிந்தார். விசில்.

“இன்னொருக்கா.”

எறிந்தார். விசில்.

மூன்றாம் தடவை தர்மகுலசிங்கத்துக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “நீங்கள் முன்னுக்கு நிண்டு கையை நீட்டினால் நான் வேறை எங்கை எறியிறது?”

“முன்னால நின்னு கேக்குறவங்களுக்கு எல்லாம் குடுக்கணுமா ஐயா?”

அவர் யோசித்தபடியே ஓடினார். இந்தத் தடவை நடுவர் முன்னால் இல்லை. எங்கே போனார் என்றும் தெரியவில்லை. மைதானத்தின் பாதித் தூரம் தனியாக ஓடினார், மூச்சு வாங்கியது, கால் பின்னியது, பந்தைக் கட்டிப்பிடித்தபடி புல்லில் விழுந்தார்.

தலைக்கு மேலே விசில்.

நடுவர் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“எவ்வளவு நேரமாப் பின்னுக்கு வாறீங்கள்?”

“மொதல்லேருந்து.”

“சொல்லியிருக்கலாமே.”

“திரும்பிப் பாத்திருக்கலாமே.”

தர்மகுலசிங்கம் படுத்தபடியே பந்தை இன்னும் இறுக்கினார். மறுபடியும் விசில்.

“இப்ப என்ன பிழை?”

“விழுந்தாச்சு. விடுங்க.”

“என்ர பந்தெல்லோ.”

“விழுந்தவனுக்குப் பந்து இல்லைங்க.”

“பிறகு ஆரின்ர பந்து?”

“நிக்கிறவன் பந்து.”

அவர் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். ‘விழுந்தவன் விடவேண்டும். பின்னால் வருபவனைப் பார்க்கவேண்டும். முன்னால் நிற்பவனுக்குக் கொடுக்கக்கூடாது.’

அன்று பின்னேரம் கொப்பியைப் புரட்டிப் பார்த்த அவர் மனைவி, எந்தச் சாமியாரிடம் போய் வருகிறீர்கள் என்று கேட்டார்.

“சாமியார் இல்லை. றக்பி.”

“எத்தினை நாளைக்கு?”

“சனிக்கிழமை வரைக்கும்.”

“சரி. சோறு சாப்பிடலாமோ, விரதமோ?”



செவ்வாய்க்கிழமை அவர் ஒரே ஒரு கேள்வியோடு வந்தார்.

“ஸ்கிரம் எண்டால் என்ன சேர்?”

பாடசாலை விட்ட நேரம். லோகேஸ்வரி அவரைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். மாத்தளை பஸ் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் முன்வாசலில் தோளோடு தோள் கொடுத்துக் குனிந்து தள்ளினார்கள். உள்ளே இருந்தவர்கள் இறங்க வழியில்லாமல் அதே வாசலில் எதிர்ப்பக்கமாகத் தள்ளினார்கள்.

“ஏறுங்க ஐயா.”

“எனக்கு மாத்தளையிலை அலுவல் இல்லையே.”

“ஏறுங்க.”

ஏறினார் என்று சொல்லமுடியாது. யாரோ ஏற்றினார்கள். குடை ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். கால் நிலத்தில் படவேயில்லை. யாருடைய முழங்கை, யாருடைய கோழி என்று விளங்குவதற்குள் பின்வாசல் வழியாக வெளியே வந்து நின்றார்.

பின்வாசலில் லோகேஸ்வரி காத்திருந்தார்.

“ரெண்டு அணியும் இப்பிடித்தான் தள்ளும். முன்னால போட்டா பின்னால வரும். அவ்வளவுதாங்க.”

“அப்ப நான் ஆர்? தள்ளினவனோ?”

“பந்து.”

ஒரு காலில் செருப்பு இல்லை. அது மாத்தளைக்குப் போய்விட்டது.



புதன்கிழமை தர்மகுலசிங்கம் பேக்கரியில் மீன் அடைத்த மாலு பாண் வாங்க நின்றார். வரிசை நீளம். பக்கவாட்டாகப் போய், கண்ணாடிப் பெட்டிக்கு மேலால் கையை நீட்டினார்.

விசில்.

முழுப் பேக்கரியும் திரும்பியது. பாண் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஓஃப்சைட்” என்றார் லோகேஸ்வரி. அவர் வரிசையில் மூன்றாவதாக நின்றார்.

“நான் பாண் வாங்கிறன் சேர்.”

“பக்கத்தால வரக்கூடாதுங்க. கடைசி ஆளோட காலுக்குப் பின்னால வந்துதான் சேரணும்.”

தர்மகுலசிங்கம் வரிசையின் கடைசிக்குப் போனார். அவர் முறை வந்தபோது மாலு பாண் முடிந்துவிட்டது. நடுவர் வெளியே நின்று தன்னுடையதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி பிய்த்துக் கொடுப்பார் என்று நினைத்தார். கொடுக்கவில்லை.

“விளங்கிச்சா ஐயா?”

“விளங்கிச்சு. பசிக்குது.”



“விதி தெரிஞ்சாப் போதாதுங்க. பாக்கத் தெரியணும்” என்று சொல்லி, வியாழக்கிழமைப் பயிற்சி ஆட்டத்துக்கு அவரை நிஜாம்தீனிடம் அனுப்பிவைத்தார் நடுவர்.

நிஜாம்தீன் ஹார்ட்வெயார் கடைக்காரர். ஹந்தானை றக்பிக் கழகத்தின் ரசிகர். ஹந்தானை விளையாடும் நாளில் கண்டியில் ஆணி வாங்க வேண்டுமென்றால் வேறு கடைக்குத்தான் போகவேண்டும். கொளுத்தும் வெயிலில் கழுத்தில் பச்சைக் கம்பளிச் சால்வை சுற்றியிருந்தார். கழகத்தின் நிறம் பச்சை. வெயிலைப் பார்த்து அதைக் கழற்றக்கூடாது என்பது அவர் கட்சி.

“இரிங்க. ஆனா இந்தப் பக்கம் இரிந்தா பச்சைதான்.”

“நான் வர்ணனையாளர். நடுநிலையான ஆள்.”

“அப்ப நடுவுல போய் நில்லுங்க.”

நடுவில் முப்பது பேர் ஒருவரை ஒருவர் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தர்மகுலசிங்கம் பச்சைப் பக்கம் உட்கார்ந்தார்.

பப்பரே வாத்தியக்காரர்கள் மேளத்தையும் ட்ரம்பெட்டையும் பிளந்து கட்டினார்கள். எல்லாரும் எழுந்து ஆடினார்கள். ஆட்டம் நடப்பதால் ஆடுகிறார்களா, மேளம் அடிப்பதால் ஆடுகிறார்களா என்று அவருக்குப் பிடிபடவில்லை. நிஜாம்தீனிடம் கேட்டார். அதைப் பிரிச்சுப் பார்க்கிற ஆள் இங்க வரமாட்டார் என்றார் நிஜாம்தீன்.

திடீரென்று மேளம் நின்றது. எதிரணிக்காரன் ஒருவன் பந்தை நிலத்தில் நிறுத்தி, அதை உதைத்து மேலால் அனுப்பவேண்டிய கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மைதானம் முழுக்க மூச்சுக் காட்டவில்லை.

இதுதான் சந்தர்ப்பம் என்று தர்மகுலசிங்கம் வாயைத் திறந்து “ஊ” என்றார்.

நிஜாம்தீன் பொரித்த ரோல்ஸ் ஒன்றை எடுத்து அந்த வாய்க்குள் வைத்தார்.

மென்று விழுங்க ஒரு நிமிடம் பிடித்தது. “எதிரியெல்லோ. குழப்பினால் எங்களுக்கு நல்லதுதானே.”

“ஒரு ஆள் தனிய நின்னு உதைக்கிற நேரம் வாயத் திறக்கக்கூடாது. எவனா இருந்தாலும்.”

“ஏன்?”

“நம்மட ஆளும் தனியத்தான் நின்னு உதைக்கிறான்.”

இன்னொரு ரோல்ஸ் கையில் தயாராக இருந்ததால் அவர் மேலே கேட்கவில்லை.

ஆனால் ஒன்று அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஆட்டத்தின் நடுவே ஹந்தானைக்காரன் ஒருவனை எதிரணியான் கழுத்தில் பிடித்து இழுத்தான். நடுவர் அதைப் பார்த்தார். பார்த்தும் விசில் அடிக்கவில்லை. ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டியபடி கூடவே ஓடினார்.

ஆட்டம் முடிந்ததும் நேரே போய்க் கேட்டார்.

“கழுத்திலை பிடிச்சதைக் கண்டனீங்களோ?”

“கண்டேன்.”

“பிறகேன் அடிக்கேல்லை?”

“அடிபட்டவன் ஓடிக்கிட்டு இருந்தானே.”

“பிழை பிழைதானே சேர். பிடிச்சு நிப்பாட்டி நியாயம் சொல்ல வேண்டாமோ?”

“நியாயம் சொல்ல நிப்பாட்டினா அவன் ஓட்டமும் நின்னுபோயிருமே ஐயா.”

லோகேஸ்வரி கையை மறுபடி நீட்டிக் காட்டினார். “இப்பிடி நீட்டிக்கிட்டே ஓடுவேன். விழுந்தான்னா அடிப்பேன். ஓடுனான்னா மடக்கிக்கிருவேன்.”

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தர்மகுலசிங்கம் யாரைப் பற்றியெல்லாமோ யோசித்தார். கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம். அவர் தன் முழு ஆயத்தத்தோடு வந்தார். ஹந்தானை மலையின் பனி, பூக்கள், பதினைந்து வீரர்களின் பூர்வீகம், எல்லாம் மனப்பாடம்.

“நாளைக்கு நான் என்ன சொல்லவேணும் சேர்?”

“பாத்ததைச் சொல்லுங்க.”

“அவ்வளவுதானோ?”

“பாத்த பெறகு சொல்லுங்க.”



சனிக்கிழமை பின்னேரம். கோட்டோரத்தில் ஒரு மேசை, ஒரு ஒலிவாங்கி, மேலே ஒரு பெரிய குடை. காதில் மாட்டும் கருவியில் நிலையத்திலிருந்து குணநாயகத்தின் குரல்.

ஒரு பக்கம் ஹந்தானை. மறுபக்கம் கொழும்பிலிருந்து வந்த கோட்டைக் கழகம். இரண்டு பக்கமும் மேளம். நிஜாம்தீன் மேசைக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு, காதில் சின்ன வானொலி ஒன்றையும் வைத்துக்கொண்டார். கண்ணெதிரே நடப்பதை வானொலியிலும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளத்தான்.

முழுக்கத் தமிழில் சொல்வதாக நிலையம் ஒரு வாரமாக விளம்பரம் செய்திருந்தது. ஆகவே தர்மகுலசிங்கம் எல்லாச் சொல்லுக்கும் தமிழ் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஸ்கிரம்மைத் திரள் என்றார். நடுவரை நடுவர் என்றார். அதுவரைக்கும் குற்றமில்லை.

எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் அழுத்தினால் ஐந்து புள்ளி. அதற்கு றக்பியில் ‘ட்ரை’ என்று பெயர். ட்ரை என்றால் முயற்சி. அப்படியே போட்டுக்கொண்டார். இதில்தான் ஆள் விழுந்தார்.

ஆறாவது நிமிடம் கோட்டைக் கழகத்தின் பதினான்காம் இலக்கக்காரன் ஓரமாகப் பறந்தான்.

“கோட்டை, கோட்டைத் தாண்டிவிட்டது” என்றார் தர்மகுலசிங்கம், இருபத்தாறு வருடக் குரலில். “முயற்சி. முயற்சி. அற்புதமான முயற்சி.”

மலையெங்கும் வானொலிக்கு முன்னால் இருந்த சனம் உச்சுக் கொட்டியது. பாவம், கையெட்டும் தூரத்தில் விட்டுவிட்டான் என்றது.

காதுக்குள் குணநாயகம் வந்தார். “ஒரு ஆள் ரெலிபோன் எடுத்துக் கேக்கிறார். கோட்டையை ஏன் கோட்டை தாண்டுது எண்டு.”

அடுத்த முயற்சிக்கு இன்னும் சில அழைப்புகள். அதற்கடுத்ததற்கு நிலையத்தின் மூன்று தொலைபேசிகளும் ஒன்றாக அடித்தன. இடைவேளையில் கோட்டை இருபத்தொன்று, ஹந்தானை ஐந்து.

“தர்மகுலசிங்கம்,” என்றார் குணநாயகம், “நாலு முயற்சி எண்டீர். நாலும் பிழைச்சுப்போச்சு எண்டு சனம் நினைச்சிருக்கு. அப்பிடியெண்டால் இந்த இருபத்தாறு புள்ளியும் எங்கையிருந்து வந்தது எண்டு கேக்கினம். எனக்கும் அந்தக் கேள்வி இருக்கு.”

“முயற்சி எண்டால் பலிச்சது எண்டு அர்த்தம்.”

“எந்த ஊரிலை?”

தர்மகுலசிங்கம் கொப்பியைப் புரட்டினார்.

“அந்தச் சொல்லை விட்டிட்டு கோல் எண்டு சொல்லும்.”

“அது கோல் இல்லை.”

“அப்ப திங்கட்கிழமை காலமை வந்து மரண அறிவித்தலை எடும்.”

தர்மகுலசிங்கம் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நடுவரை நோக்கி ஓடினார். நிஜாம்தீன் சால்வையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். “நடுவரோட கெப்டன் மட்டுந்தான் பேசலாம். வேற யாரும் பேசப்படாது.”

“இண்டைக்கு நான்தான் கெப்டன்” என்றார் தர்மகுலசிங்கம். எதற்குக் கெப்டன் என்று அவருக்கே தெரியாது.

லோகேஸ்வரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“சேர், முயற்சி எண்டால் சனம் தோல்வி எண்டு நினைக்குது.”

“ஏன் ஐயா அப்பிடி நெனைக்குது?”

அவர் யோசித்தார். “தோத்தவன்தானே முயற்சி செய்தன் எண்டு சொல்லுறவன். வெண்டவன் வெண்டிட்டன் எண்டெல்லோ சொல்லுவான்.”

லோகேஸ்வரி தலையாட்டினார்.

“வெள்ளைக்காரன் ஏன் இதுக்குப் போய் ட்ரை எண்டு பேர் வச்சவன்?”

“அந்தக் காலத்துல பந்தைக் கொண்டுபோய் வச்சா புள்ளி கெடையாதுங்க. கம்பத்துக்கு மேல உதைச்சுப் பாக்க ஒரு சான்ஸ் மட்டும் குடுப்பாங்க. உதைச்சது போனாத்தான் புள்ளி.”

“இப்ப?”

“இப்ப உதைச்சதுக்கு ரெண்டு. வச்சதுக்கு அஞ்சு.”

லோகேஸ்வரி போத்தலை மூடி வைத்துவிட்டு மைதானத்துக்குள் போனார்.

தர்மகுலசிங்கம் திரும்பி வந்து ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தார். பனியும் பூக்களும் பூர்வீகமும் எழுதிய தாள்களை மடித்துக் கதிரைக்குக் கீழே வைத்தார். அவருக்குப் பயம் போகவில்லை. ஆனால் சொல்லை மாற்றவும் மனம் வரவில்லை.

இரண்டாம் பாதியில் பந்து போன இடத்துக்குத்தான் அவர் குரலும் போனது. யார் கையில், எங்கே, யார் பின்னால். அவ்வளவுதான். யாராவது கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால், நடுவரின் கை உயரும்வரை பொறுத்து, ஒரே மாதிரிச் சொன்னார்.

“முயற்சி. ஐந்து புள்ளி.”

எண்பதாவது நிமிடத்தில் கோட்டை முப்பத்தெட்டு, ஹந்தானை பதினேழு. நேரம் முடிந்ததென்று ஊதுகுழல் ஊதியது.

“நேரம் முடிந்துவிட்டது நேயர்களே” என்றார். “ஹந்தானை தோற்றுவிட்டது. இனி எத்தனை புள்ளி எடுத்தாலும் தோல்வி தோல்விதான். ஆனால் இந்த விளையாட்டில் நேரம் முடிந்தாலும் பந்து ஓடிக்கொண்டிருக்கும்வரை ஆட்டம் முடியாது. பந்து ஹந்தானையின் கையில், அவர்களுடைய சொந்தக் கோட்டுக்குப் பக்கத்தில். வெளியே உதைத்துவிட்டால் போய்க் குளிக்கலாம்.”

கொஞ்சம் நிறுத்தினார்.

“உதைக்கவில்லை. ஓடுகிறார்கள்.”

ஒருவன் ஓடினான், விழுந்தான், பந்தை விட்டான். பின்னால் வந்தவன் எடுத்து ஓடினான், விழுந்தான், விட்டான். அடுத்தவன் எடுத்தான். தர்மகுலசிங்கம் எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்று, பன்னிரண்டு, பதினேழு. மேளக்காரர்கள் அடிக்க மறந்து நின்றார்கள். நிஜாம்தீன் சால்வையின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பந்து வந்து சேர்ந்தது ஹந்தானையின் முதலாம் இலக்கக்காரனிடம். தொந்தியும் வழுக்கையுமாய் முப்பத்தெட்டு வயது ஆள். மூன்று கோட்டைக்காரர்கள் அவன் இடுப்பிலும் காலிலும் தொங்கினார்கள். அந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு அவன் நாலு அடி நடந்தான். பிறகு ஒரு மரம் சாய்வதுபோலச் சாய்ந்து, கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தான்.

லோகேஸ்வரியின் கை நேராக வானத்துக்கு உயர்ந்தது. நீளமாக ஒரு விசில்.

“முயற்சி” என்றார் தர்மகுலசிங்கம். “ஐந்து புள்ளி.”

கோட்டைக் கழகத்தின் ரசிகர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வென்றவர்கள் இரண்டு வரிசையாக நின்று தட்ட, தோற்றவர்கள் நடுவால் நடந்து போனார்கள். நிஜாம்தீன் தன் ரோல்ஸ் பெட்டியை யாரோ ஒரு கோட்டை ரசிகரிடம் நீட்டிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

தர்மகுலசிங்கம் காதுக் கருவியை மறுபடி மாட்டினார். குணநாயகம் அங்கேதான் இருந்தார்.

“பிற்பாதியிலையும் ரெலிபோன் வந்துகொண்டுதான் இருக்கு. நான் ஒண்டும் எடுக்கேல்லை. இப்ப ஒண்டை மட்டும் நேரா ஒலிபரப்பிலை விடுறன். இவவுக்கும் விளங்கேல்லை எண்டால் உம்மட பகுதியை இண்டையோடை மூடுறன். சரியோ?”

“சரி” என்றார். வேறு என்ன சொல்வது.

இணைப்பில் ஒரு பெண் குரல். பின்னால் ஏதோ பாத்திரம் உருண்டது.

“ஐயா, நா தெல்தோட்டையிலேருந்து பேசுறேங்க. அன்னலெச்சுமி. தோட்டத்துல கொழுந்து எடுக்குறேங்க.”

“சொல்லுங்கோ அம்மா.”

“அந்த ஹந்தானைக்காரங்கதான தோத்தது?”

“ஓமம்மா.”

“தோத்துட்டோம்னு தெரிஞ்ச பெறகு ஓடுனாங்களே. அதுக்கும் அஞ்சு புள்ளி குடுத்தாங்களா?”

“குடுத்தவை அம்மா.”

“கொறைக்காம?”

“முழுசா அஞ்சு.”

மறுமுனையில் ஏதோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

“எம்மவ ஏ.எல். சோதனை மூணு தரம் எழுதிட்டாங்க. கெம்பஸ் படிப்புக்கு மூணு தரந்தான் எழுத விடுவாங்களாம். போன கெழமை ரிசல்ட் வந்திச்சு, இந்தத் தரமும் கெடைக்கல. அதுலேருந்து போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கா. சாப்பிடல. முயற்சி பண்ணுனேம்மா, முயற்சி பண்ணுனேம்மான்னு அது ஒண்ணத்தான் சொல்லுறா. அவளுக்கு எத்தினி புள்ளிங்க ஐயா?”

இருபத்தாறு வருடமாக ஒரு நொடி ஓயாத வாய். அதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. வானொலியில் மூன்று விநாடி மௌனம் என்பது பெரிய குற்றம். ஐந்து விநாடி ஆயிற்று.

நிஜாம்தீன் மெதுவாகத் தன் சின்ன வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். அன்னலெச்சுமியின் கேள்வியை அதில் கேட்டுவிட்டு, கையில் பந்தோடு, மேசைக்கு முன்னால் லோகேஸ்வரி நின்றுகொண்டிருந்தார்.

தர்மகுலசிங்கம் அவரைப் பார்த்தார்.

லோகேஸ்வரி பந்தைக் கீழே வைத்தார். விசிலை வாயில் வைத்தார். கையை நேராக மேலே உயர்த்தி, ஒலிவாங்கியைப் பார்த்து நீளமாக அடித்தார்.

காதுக்குள் குணநாயகத்தின் குரல் கரகரத்தது. “தர்மகுலசிங்கம், லைனை வெட்டாதேயும். அடுத்த சனிக்கிழமையும் நீர்தான்.”

“என்னங்க ஐயா அது சத்தம்?” என்றார் அன்னலெச்சுமி.

“நடுவர் அடிச்சவர் அம்மா. உங்கட மகளுக்கு.”

தொலைபேசியை எதன் மேலோ வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்சம் தள்ளி, வீட்டின் உள்பக்கம் திரும்பிய குரல்.

“ஏ புள்ள சுகந்தி, போர்வைய மடிச்சு வச்சிட்டு எந்திரிச்சு வா. பதினஞ்சு.”